காவிரி நைட்ரேட்: செறிவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காவிரியில் நைட்ரேட் கலப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற செறிவு எண்ணோடு முடிந்துவிடுகிறது. நீரைக் குடிக்கலாமா என்று தீர்மானிக்க, 45 மில்லிகிராம் என்னும் இந்தியத் தர வரம்போடு அதை ஒப்பிட்டால் போதும். ஆனால், அந்த நைட்ரேட்டில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கிருந்து வந்தது, கடலுக்கு எவ்வளவு போகிறது என்று அறிய, அதே வேளையில் ஆற்றில் ஓடிய நீரின் அளவும் தெரிய வேண்டும்.

ஓட்டம் தெரிந்தால் தோற்றுவாயும் ஓரளவு பிடிபடும். நகரச் சாக்கடை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவதால், ஆற்றில் நீர் பெருகும்போது நைட்ரேட் செறிவு குறையும். மேலுரம் இட்ட வயல்களை மழை அலசிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் நீரோடு செறிவும் சேர்ந்தே ஏறும். மாதம் ஒருமுறை எடுக்கும் நீர் மாதிரி ஐப்பசி அடைமழையின் அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால், உழவரையோ நகராட்சியையோ குறைகூற நம்மிடம் ஆதாரம் இல்லை.

மிசிசிப்பி ஆற்றுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பயன்படுத்தும் ‘ஸ்பாரோ’ என்னும் கணிப்பு முறை, உரம், கால்நடைக் கழிவு, கழிவுநீர் ஆகியவற்றின் பங்கைப் பிரித்துக் காட்டுவதோடு, வழியில் நைட்ரேட் குறைந்துபோவதையும் கணக்கில் கொள்கிறது. சிற்றோடைகளின் படுகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக் கணிசமாக வாயுவாக்கிவிடுகின்றன என்பதும், பேராற்றில் நேரே கலந்தது பெரும்பாலும் கடல்வரை போய்விடுகிறது என்பதும் அதனால் தெளிவாயின.

அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே ஓடைகள் கூடிக்கூடி ஆறாகின்றன. கல்லணைக்குக் கீழே காவிரியோ பிரிந்து பிரிந்து வாய்க்கால்களாகிறது, அவற்றில் பல பாசனத்துக்கும் வடிகாலுக்கும் பொதுவானவை. தேங்கிய நீரில் நெல் விளையும் வயலில் யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, இன்னொரு பகுதி சேற்றிலேயே நைட்ரஜன் வாயுவாகிறது. மிசிசிப்பிப் படுகையின் மக்காச்சோள நிலத்துக்கு வகுத்த கெழுக்கள் (கணக்கீட்டு எண்கள்) இதற்கு எப்படிப் பொருந்தும்?

உர விற்பனை விவரத்துக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் கடைதோறும் விற்பனைக் கருவியில் பதிவாகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ, தழைச்சத்து. வயலுக்குள் போவது தெரிகிறது, வெளியேறுவதுதான் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வெண்ணாறு, அரசலாறு பாசனப் பகுதிகளில் கடைமடை வடிகால்கள் சிலவற்றைத் தேர்ந்து, மழை நாட்களில் தினமும் நைட்ரேட்டையும் ஓட்டத்தையும் ஒருங்கே அளந்து, அந்த விவரங்களை எவரும் பார்க்கும்படி வெளியிட மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீர்வளத் துறையும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வேளாண்மைப் பட்டதாரி ஒருவர்,
மன்னார்குடி