சட்டையைத் தூக்கிக் காட்டியது தற்காப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு அம்மா போன் செய்தார். "ஏம்ப்பா, அங்க வருஷத்துக்கு இருபத்தஞ்சு லட்சம் பேர் துப்பாக்கிய வச்சுத்தான் உயிர் பொழைக்கிறாங்களாமே, அவ்ளோ மோசமான ஊரா அது?" என்றார். அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கட்டுரையில் இன்னொரு தவறும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டாலஸ் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன், ஐ.டி. வேலை. கிரீன் கார்டு வந்த பிறகு 2018-ல் ஒரு சின்ன பிஸ்டல் வாங்கி, அதை மறைத்து எடுத்துப்போக லைசென்ஸும் எடுத்தேன். அப்போது அதற்கு வகுப்பு, எழுத்துத் தேர்வு, இலக்கில் சுட்டுக் காட்டுவது, கைரேகை எல்லாம் வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் கட்டாயமில்லை. 21 வயதாகி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தில் தடை எதுவும் இல்லாவிட்டால் இடுப்பில் சொருகிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகலாம். இப்படி லைசென்ஸ் கேட்காத மாநிலங்கள் 2024 கணக்குப்படி 29.

தினமும் எடுத்துப்போவது என்றால் சினிமாவில் பார்ப்பது போல எதுவும் கிடையாது. குனிந்தால் வயிற்றில் குத்தும், சீட் பெல்ட் போடும்போது இடிக்கும், ஜூலை வெயிலில் உறைக்கு அடியில் வியர்த்து அரிக்கும், சட்டையெல்லாம் ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். அப்புறம் போர்டுகள். வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்றே வருகிற இடமென்றால் வாசலில் சிவப்பில் 51% என்று போட்டிருக்கும், உள்ளே கொண்டுபோகக் கூடாது. கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிற நாளில் எங்கே சொருகுவது? காரிலேயே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காரை உடைத்து யாராவது எடுத்துவிடுவார்களோ என்று அர்ச்சனை முடிகிறவரை அதே நினைப்பாக நிற்பேன். இங்கே துப்பாக்கிகள் திருடுபோவதில் பெரும்பங்கு கார்களிலிருந்துதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2019 டிசம்பர், இரவு பத்தரை மணி, ஹைவே ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன், வேறு வண்டியே இல்லை. இருட்டிலிருந்து ஒரு ஆள் வேகமாக என்னை நோக்கி வந்தார், நெட்டையான ஆள், தலையில் குல்லா. ஏதோ சொன்னார், பம்ப் சத்தத்தில் காதில் விழவில்லை. "அங்கேயே நில்லு" என்று கத்தினேன், நிற்கவில்லை. சட்டையைத் தூக்கி இடுப்பில் இருப்பதைக் காட்டினேன். சட்டென்று இரண்டு கையையும் உயர்த்தினார், அப்படியே பின்வாங்கி நடந்து போய்விட்டார். ஐந்து நொடிகூட ஆகியிருக்காது. போலீசுக்கு நான் போன் செய்யவில்லை.

இந்தக் கதையை மூன்று வருடம் எத்தனை பார்ட்டிகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "அன்னைக்கு அது மட்டும் இல்லேன்னா நான் இல்லை" என்று முடிப்பேன், எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். பிறகு மேற்படிப்புக்கு வந்த அக்கா மகன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான், "மாமா, அந்த ஆள் கையில என்ன இருந்துச்சு?" பதில் எனக்குத் தெரியும். கையை உயர்த்தியபோது பார்த்தேன், இடது கையில் ஒரு சிவப்பு கேன். பெட்ரோல் வாங்குகிற பிளாஸ்டிக் கேன். அந்தக் கேனை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

அது தற்காப்பா, ஒரு அப்பாவியை மிரட்டியதா? டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் 9.04 என்றொரு பிரிவு இருக்கிறது. தற்காப்புக்குப் பலம் பயன்படுத்த நியாயமான காரணம் இருந்து, அச்சுறுத்துவதற்காக மட்டும் ஆயுதத்தைக் காட்டினால், அதைக் கொல்லும் அளவு பலம் பயன்படுத்தியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. காரணம் இல்லாமல், மற்றவர் பயப்படும்படி பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டினால் அது குற்றம். நான் சட்டையைத் தூக்கியது ஒரே தூக்குதான், அதற்கு எந்தப் பெயர் என்பது அந்த ஆள் மனதில் என்ன இருந்தது, என் பயம் எவ்வளவு நியாயம் என்பதைப் பொறுத்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கதை சொல்வதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.

உங்கள் கட்டுரையின் 25 லட்சம் இப்படிப்பட்ட கதைகளிலிருந்துதான் வந்தது. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இருவர் 1993-ல் கிட்டத்தட்ட 5,000 பேரிடம் போனில் பேசி, 1995-ல் வெளியிட்ட கணக்கு அது. கடந்த ஒரு வருடத்தில் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் சுமார் 1.3 சதவீதம். அதை அன்றைய வயதுவந்தோர் எண்ணிக்கையான 19 கோடியால் பெருக்கினால் 25 லட்சம். சுட வேண்டும் என்பதில்லை, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்லி மிரட்டியிருந்தாலே கணக்கில் வரும். எனக்கு அந்த போன் வந்திருந்தால் யோசிக்காமல் 'ஆமாம்' என்றிருப்பேன், கேனைப் பற்றி மூச்சுவிட்டிருக்க மாட்டேன்.

ஹார்வர்டில் டேவிட் ஹெமன்வே என்ற பேராசிரியர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அரிதாக நடக்கிற ஒன்றைப் பற்றி நாட்டையே கேட்கும்போது, நூற்றில் ஒருவர் தவறாக 'ஆமாம்' என்றாலே 19 லட்சம் வந்துவிடும். பொய் சொல்ல வேண்டியதில்லை, மூன்று வருடம் முன்னால் நடந்ததைப் போன வருடம் என்று நினைத்துச் சொன்னாலே போதும். அவரும் சக ஆய்வாளர்களும் இப்படிச் சொல்லப்பட்ட தற்காப்புக் கதைகளைக் குற்றவியல் நீதிபதிகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பெரும்பாலானவை அநேகமாகச் சட்டவிரோதம் என்றார்கள் நீதிபதிகள், அதுவும் சொன்னவர் சொன்னதையெல்லாம் நம்பிய பிறகு! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அரசாங்கமே வருடா வருடம் எடுக்கிற குற்றப் பாதிப்பு சர்வேயில் ஏறக்குறைய 60,000-லிருந்து ஒரு லட்சம் வரைதான் வருகிறது. அதில் முதலில் 'உங்களுக்கு எதிராகக் குற்றம் நடந்ததா' என்று கேட்பார்கள், ஆமாம் என்றவர்களிடம்தான் அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். செய்தியிலும் போலீஸ் பதிவிலும் வந்ததை மட்டும் சேர்க்கிற கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் என்ற தளத்தின் கணக்கோ ஆயிரம், இரண்டாயிரத்தைத் தாண்டாது. இதுதான் உண்மையான எண் என்று சிலர் தூக்கிப் பிடிப்பதும் எனக்கு ஒப்பாது. போலீசுக்கே போகாத சம்பவங்கள் நிறைய இருக்கும் என்று கிளெக் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானே போகவில்லையே. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் இங்கிலிஷ் 2021-ல் 16,000-க்கு மேற்பட்ட துப்பாக்கி உரிமையாளர்களிடம் கேட்டுச் சுமார் 16.7 லட்சம் என்றார், அதில் ஐந்தில் நான்குக்கு மேல் ஒரு தோட்டாகூடச் சுடப்படாதவை. அங்கேயும் கதை சொன்னது துப்பாக்கி வைத்திருந்தவர்தான்.

சந்தேகமே இல்லாத சம்பவங்களும் உண்டு. 2019 டிசம்பர் 29, ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒரு சர்ச்சில் ஒருவன் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான், ஆறு நொடிக்குள் சபையின் பாதுகாப்புக் குழுவில் இருந்தவர் அவனை வீழ்த்திவிட்டார். (பங்க் சம்பவம் நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது, என் கதைக்கு அது நல்ல வலுவாகப் போயிற்று.) 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் போலீஸ்காரரைக் கொன்ற ஒருவனைத் தெருவில் இருந்த ஒருவர் சுட்டு வீழ்த்தினார், அடுத்து வந்த போலீஸ் அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் 16 வயதுப் பையன் தம்பிகளை அழைத்துவரப் போய் வீடு மாறிக் காலிங் பெல் அடித்துவிட்டான், 84 வயது வீட்டுக்காரர் கதவு வழியாகச் சுட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். ரொம்பப் பயந்துவிட்டேன் என்றுதான் பெரியவர் போலீசிடம் சொன்னார். அந்தப் பையன் பயந்து ஓடிப்போயிருந்து, விஷயம் வெளியே வராமலே இருந்திருந்தால், சர்வேக்காரர் போன் செய்தபோது அந்தப் பெரியவர் என்ன சொல்லியிருப்பார்?

நான் துப்பாக்கியை விற்றுவிடவில்லை. இரவில் தனியாக நெடுந்தூரம் போனால் இன்றும் எடுத்துப்போகிறேன், இதை உங்களிடம் ஒளிக்கவில்லை. 25 லட்சத்தைச் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போல அச்சிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அச்சிட்டே ஆக வேண்டுமென்றால் எந்த வருடம், யார், யாரிடம் கேட்டது என்று ஒரு வரி சேருங்கள்.

இரண்டாவது தவறு. 'டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து இதைத் திருத்துங்கள். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு, ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சட்டமே தெரியாது. சுடும் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்தாலும் இதே கதைதான். அக்கா மகன் என்னோடு ரேஞ்சுக்கு வருகிறேன் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான், கிரீன் கார்டு வாங்கிவிட்டு வா என்று சொல்லிவிட்டேன். அவன் கூடப் படிக்கிற பையன்கள் எல்லாரும் போட்டோ போட்டுவிட்டார்களாம், மாமா மட்டும்தான் பயந்தாங்கொள்ளி என்கிறான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
டாலஸ், டெக்சாஸ்