பெட்டிக்கு இரண்டு சாவி

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன்னோடு ராணுவத்தில் சேர ரயில் ஏறப்போகும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

உன் தாத்தாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். வெள்ளைப் பெயின்டில் எழுதிய அவருடைய நம்பரில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் மங்கியிருக்கின்றன. அழித்துவிடாதே. உன் நம்பரை அதற்குக் கீழே எழுதிக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து, "நாலு பேர் இருக்கிற இடத்துக்கு நூறு பேர் வந்தால் என்ன செய்வது அத்தை?" என்று கேட்டாய். உன் அம்மா அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் பேச்சு வரவில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. நீ வாய்விட்டுக் கேட்டுவிட்டாய்.

ஜதுநாத் சிங்கைப் பற்றிச் சொல்கிறேன். ராணுவத்தில் நாயக் என்ற பதவியில் இருந்தவர். ராஜ்புத் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். 1948 பிப்ரவரி 6, காஷ்மீரில் நௌஷேராவுக்கு அருகில் தைன் தார் என்ற மலைமுகடு. அங்கே முன்னணிக் காவல் நிலையில் அவரோடு சேர்த்து ஒன்பது பேர்தான். எதிரிகள் அலை அலையாக ஏறி வந்தார்கள். முதல் தாக்குதலை முறியடித்தபோது நான்கு பேருக்குக் காயம். இரண்டாவது தாக்குதலில் அத்தனை பேருக்கும் காயம். அவருக்கு வலது கையில் அடி. பிரென் இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர் சாய்ந்ததும் அந்தக் கையோடு தானே அதை வாங்கிச் சுட்டார். சுவர் வரை வந்துவிட்டவர்கள் திரும்பி ஓடினார்கள். மூன்றாவது முறை வந்தபோது, ஸ்டென் துப்பாக்கியோடு அரணை விட்டு வெளியே வந்து தனியாளாக அவர்கள் மேல் பாய்ந்தார். வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். தலையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்து அவர் அங்கேயே விழுந்தார். வயது 31. போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா மறைவுக்குப் பிறகு வந்தது.

எல்லோரும் அந்தக் கடைசிப் பாய்ச்சலைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது முதல் தாக்குதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச நேரம். நான்கு பேர் காயத்தோடு கிடக்க, மிச்சமிருந்த பலத்தை அவர் திரும்ப ஒழுங்குபடுத்தினார். நினைத்துப் பார். யாரால் இன்னும் சுட முடியும், யாரால் தோட்டா எடுத்துத் தர மட்டும் முடியும், எந்தப் பக்கம் ஆள் இல்லை? கீழே அவர்கள் மறுபடி திரள்வது தெரிந்துகொண்டே இந்தக் கணக்கைப் போடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பழங்கதை என்று நினைக்காதே. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு கல்லும் கட்டையுமாகக் கைகலப்பு நடந்தபோது, தன் தோழர்களைக் காக்க நின்று உயிர் கொடுத்த ஹவில்தார் பழனி நம் ராமநாதபுரத்துக்காரர். வீர் சக்ரா பெற்றவர்.

உன் தாத்தாவிடம் சிறுவயதில் ஒருமுறை கேட்டேன், 1971 சண்டையில் பயமாக இருந்ததா அப்பா என்று. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தனை தோட்டா இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன் அம்மா" என்றார். உரித்த பருப்பை என் கையில் கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். என் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறார் என்று எனக்கு அன்று கோபம். ஜதுநாத் சிங்கைப் பற்றிப் படித்த பிறகுதான், அவர் உள்ளபடியே பதில் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. இத்தனை வருடம் அவரைத் தவறாக நினைத்துவிட்டேனே என்று அழுதேன்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன். உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஜன்னலோரம் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்காதே. பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கிறது. ஒன்று உனக்கு. இன்னொன்று தாத்தா லீவில் வரும்வரை பாட்டியின் முந்தானையில் முடிந்திருக்கும். இனி அது என்னிடம் இருக்கும்.

உன் அத்தை