லைனர் ஹோனிங் பற்றிய புகார்

பெகு,
ஜனவரி 18.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
என்ஜின் ரீபோரிங் பட்டறை, ரங்கூன்.

பொருள்: புது லைனர் அறுபது மணி நேரத்தில் ஆயில் குடிப்பது பற்றி.

அய்யா, வணக்கம்.

பெகு பக்கம் சின்னதாக நெல் அரவை மில் வைத்திருக்கிறேன். கரண்டை நம்ப முடியாது என்பதால் மில் ஓடுவது 22 குதிரைத்திறன் சீன டீசல் என்ஜினில்தான். ஒரே சிலிண்டர், 115 மி.மீ. போர் (உள்விட்டம்). போன மாதம் லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உள்குழாய், தேய்ந்துபோய் பிளாக்கை லாரியில் உங்களிடம் அனுப்பினேன். பாதி முடித்த லைனர்தான் ஸ்டாக்கில் இருக்கிறது, நாங்களே ஹோன் பண்ணி (உள்சுவரைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து) போட்டுத் தருகிறோம் என்றீர்கள். சரி என்றேன். புது பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டும் ரிங் எல்லாம் சேர்த்துக் கேட்ட பணத்தைக் குறைக்காமல் கொடுத்தேன்.

நாலாம் நாளே நீலப்புகை. ஒரு வாரத்தில் என்ஜின் அடிப்பெட்டியின் காற்று வெளியேறும் ப்ரீதர் குழாய் வழியாகவும் புகை தள்ளியது. போன் செய்தால் உங்கள் பட்டறைத் தம்பி, "ரிங் படிய நாளாகும், ஓட்டிக்கிட்டே இருங்கண்ணே" என்கிறார். சுமை இல்லாமல் சும்மா ஐட்லிங்கில் உறுமவிட்டு, ரிங் படியாதபடி லைனரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கியிருந்தால் என் தப்பு. நாங்கள் முதல் நாளிலிருந்தே நெல் போட்டு அரைத்தோம்.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக்கை வைத்துக் கழற்றினேன். ஹோனிங் கோடுகள் வலைக்கண் மாதிரி ஒன்றையொன்று வெட்டிப்போக வேண்டும். கோணம் 45இலிருந்து 60 டிகிரி வரை. இதில் கோடுகள் மரை வெட்டினதுபோல் படுத்துக் கிடக்கின்றன. கல்லை வேகமாகச் சுற்றிவிட்டு, மேலும் கீழும் மெதுவாக ஆட்டினால் இப்படித்தான் வரும். ஆயில் அந்தக் கோடுகளில் தேவைக்கு மேல் தங்கி எரிகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது இன்னொன்று. பிஸ்டன் ஓடாத அடிப்பகுதியில் வெள்ளைத் துணியில் சுத்தமான ஆயில் தொட்டுத் துடைத்தோம். துணி சாம்பல் நிறமாக வந்தது. நாலு தடவை துடைத்தும் வெளுக்கவில்லை. அது ஹோனிங் கல்லின் தூள். ஹோன் பண்ணியதும் வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டியதை, டீசல் ஊற்றி அலசிவிட்டு மாட்டியிருக்கிறீர்கள். டீசல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், கோட்டுக்குள் உட்கார்ந்த தூளை எடுக்காது. ரிங்குகளின் முகம் மங்கி, நெட்டுக்குத்தாகக் கீறல் விழுந்திருக்கிறது. மாட்டும்போது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.5 மி.மீ.; இப்போது ஃபீலர் கேஜில் 1.1.

அளவுச் சீட்டு கேட்டதற்கும் "எல்லாம் சரியா இருக்கு" என்றுதான் பதில் வந்தது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் போட்டு மேல், நடு, கீழ் என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளந்து எழுத கால் மணி நேரம் ஆகுமா?

அறுவடை முடிந்து நெல் மூட்டை வாசலில் அடுக்கிக் கிடக்கிறது. வழக்கமாக வருகிறவர்கள் பக்கத்து மில்லுக்குப் போகிறார்கள்.

ஆகவே வேறு லைனர், புது ரிங் செட், செலவு உங்களுடையது. தூள் ஆயிலோடு சுற்றியிருக்கும் என்பதால் பேரிங்குகளையும் பார்த்துத் தர வேண்டும். இந்த முறை கழுவுவதை நான் நேரில் பார்ப்பேன், அளவுச் சீட்டும் வேண்டும். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் போடுங்கள், போனில் வேண்டாம்.

வரும்போது லைனர், ரிங், அந்தச் சாம்பல் துணி மூன்றையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மில் உரிமையாளர், பெகு.