கணக்கியல் அல்ல, அப்பா

மொன்றியல்,
மாசி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலியும் அம்மாவின் தலைச்சுற்றும் குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை தொலைபேசியில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நான் இரண்டாவது வசனத்துக்குப் போவதற்குள், "சரி சரி, அங்கே இன்னும் பனியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அப்பா. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நான் இங்கே கணக்கியல் படிப்பதாகச் சந்தியிலும் கோயில் வீதியிலும் நீங்கள் சொல்லி வருவதாகத் தங்கச்சி சொன்னாள். அயலட்டைக்குச் சொன்னது போதாதென்று, ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் அதையே சொல்லியிருக்கிறீர்கள். அவர் போன கிழமை என்னை அழைத்து வருமான வரி பற்றி ஆலோசனை கேட்டார். நான் என்ன சொல்வது? நான் படிப்பது மொழிகள். பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம். அவற்றோடு இலக்கியமும் மெய்யியலும் கொஞ்சம் சமூகவியலும்.

உங்களுக்கு ஏன் கூச்சம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. நம் ஊரில் உயர்தரத்துக்கு முதலில் கணிதமும் உயிரியலும். அது சரிவராத பிள்ளைக்கு வர்த்தகம். அதுவும் சரிவராத பிள்ளைக்குக் கலை. கலைப்பிரிவு என்று சொன்னாலே "அப்படியா" என்று இழுப்பார்கள். 1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தல் வந்து, சில புள்ளிகளால் மருத்துவ பீடம் தப்பிப்போன தலைமுறை உங்களுடையது. அந்தக் கோபத்தில்தான் நம் வீடுகள் எல்லாம் ரியூசன் கொட்டில்களுக்குப் பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கே எழுப்பி அனுப்பின. நானும் போனேன். கணிதப்பிரிவில் பரீட்சை எழுதினேன். பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. அதைப்பற்றி எனக்கு இப்போது மனக்குறை இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது எது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, அப்பா. நீங்கள் நல்ல கணித ஆசிரியர். நல்ல ஆசிரியர்களும் தம் பிள்ளையிடம் அதைக் கேட்பதில்லை.

நான் போகும் இடத்துக்கு செஜெப் என்று பெயர். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் மட்டுமே இருக்கும் ஒரு வகைக் கல்லூரி. பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நிற்கிறது. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு இரண்டு வருடம், தாதியர் பயிற்சி, மின்னியல் போன்ற தொழில் படிப்புகளுக்கு மூன்று வருடம். மாகாணத்தில் வசிக்கிறவர்களுக்கு முழுநேரப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பதிவுக் காசும் புத்தகக் காசும்தான். உயர்தரச் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதலில் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் இருந்தேன். அதன் பிறகுதான் இங்கே இடம் கிடைத்தது. என் வகுப்பில் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். என்னைவிட மூத்தவர் ஹெயிட்டியில் இருந்து வந்த ஓர் அம்மா மட்டும். பிள்ளைகள் என்னை முதல் நாள் ஆசிரியை என்று நினைத்து வணக்கம் சொன்னார்கள். நானும் திருப்பிச் சொன்னேன்.

உங்களுக்கு வியப்பாக இருக்கப்போவது இதுதான். பிரெஞ்சு செஜெப்பில் யார் எதைப் படித்தாலும், தாதியாகப் போகிறவளும் கணினி படிக்கிறவனும்கூட, மூன்று மெய்யியல் பாடங்களும் நான்கு பிரெஞ்சு இலக்கியப் பாடங்களும் தேறியாக வேண்டும். இரண்டு ஆங்கிலப் பாடமும் உண்டு. இவற்றில் ஒன்று தவறினாலும் பட்டயம் கையில் வராது. அதாவது, நம் ஊரில் மிச்சப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்த பாடங்கள் இங்கே எல்லோருடைய தலையிலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. முனகாத பிள்ளை இல்லை. மின்னியல் படிக்கும் ஒரு பையன் மெய்யியல் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறான். சோக்கிரட்டீஸ் ஏன் சிறையில் இருந்து தப்பி ஓடவில்லை என்று எழுதச் சொன்னபோது, "ஓடியிருந்தால் எனக்கு இந்த வேலை மிச்சம்" என்றான். ஆனால் கட்டுரையை என்னைவிட நன்றாக எழுதிவிட்டான்.

இந்தக் கல்லூரிகள் வந்த கதையும் உங்களுக்குப் பிடிக்கும். முன்பு இங்கே மேற்படிப்பு என்றால் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய கல்லூரிகள்தான். இலத்தீன், கிரேக்கம், மெய்யியல் என்று எட்டு வருடம். வசதியான வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், படித்துப் பாதிரியாராகவோ வழக்கறிஞராகவோ வைத்தியராகவோ வந்தார்கள். 1960களில் அதை மாற்றச் சொன்ன ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரே ஒரு கத்தோலிக்கக் குரு, அல்போன்ஸ்-மரீ பரான். 1967 இல் முதல் 12 செஜெப்கள் திறந்தன. இலத்தீனைக் கைவிட்டார்கள், மெய்யியலையும் இலக்கியத்தையும் கைவிடவில்லை. பணக்காரப் பிள்ளைக்குக் கிடைத்தது தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்பது எண்ணம்.

நம் ஊரில் மட்டும் என்ன? நீங்கள் தினமும் பால் வாங்கப் போகும் வழியில்தானே 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் ஒரே பிள்ளைதான் படித்தான். அங்கே படித்த கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். ஒருவர் தமிழில் வீசகணிதம் எழுதினார், மற்றவர் ஏடு தேடி அலைந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். அந்த இருவரில் எவரைப் பற்றியும், "பாவம், கணிதம் வரவில்லை, அதுதான் தமிழ் படித்தார்" என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்; இந்தக் கடிதம் எழுதத் தூண்டியது அதுதான். 1977 இல் இங்கே ஒரு மொழிச் சட்டம் வந்தது, 101 ஆம் சட்டம் என்பார்கள். வேலைத்தலம், கடைப்பலகை, அரசாங்கம் எல்லாவற்றிலும் பிரெஞ்சு. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டும். அதைப்பற்றி விவாதம் வைத்த ஆசிரியை என்னையும் பேசச் சொன்னார். நான் அப்பப்பாவைப் பற்றிச் சொன்னேன். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததையும், கொழும்பில் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த மனிதர் சிங்களப் பரீட்சை எழுத மாட்டேன் என்று இளைப்பாறிக்கொண்டு ஊருக்கு வந்ததையும், கடைசிவரை அந்தக் கறுப்புக் குடையைக் கந்தோருக்குப் போகிறவர் போலவே காலையில் எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனதையும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி முடித்தேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. மாகாணத்தின் வடக்கே ஏதோ ஒரு கிராமத்துப் பிரெஞ்சுப் பையன், விவசாயக் குடும்பம், கையை உயர்த்திக் கேட்டான்: "அப்படியென்றால், உங்கள் அப்பப்பாவின் கதையில் நாங்கள் யார்? சிங்களவரா, தமிழரா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் யோசித்துவிட்டு, "ஒட்டாவாவில் இருக்கும் கனடிய அரசாங்கத்தைப் பார்த்து நிற்கும்போது தமிழர். என் அயல்வீட்டு ஆச்சியைப் பார்த்து நிற்கும்போது எனக்கு நிச்சயமில்லை" என்றேன். கண்டம் முழுக்க ஆங்கிலம் பேசும்போது தம் மொழி கரைந்துவிடும் என்ற பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. அந்தப் பயத்தோடு பிறந்தவள்தானே நான். ஆனால் 2022 இல் வந்த புதிய சட்டப்படி, வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு, சில விலக்குகள் தவிர, அரசாங்கம் பிரெஞ்சில் மட்டும்தான் எழுதும். எழுபது வயதில் மகனோடு வந்து சேர்ந்த ஆச்சி அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? "தமிழர்தான்" என்று அந்தப் பையன் சொன்னான். ஹெயிட்டி அம்மா சிரித்தார். "எங்கள் நாட்டில் எங்கள் வீட்டு மொழியான கிரேயோல் பேசினால் பள்ளிக்கூடத்தில் அடித்தது இதே பிரெஞ்சுதான், தம்பி" என்றார். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. கணக்கியல் வகுப்பில் இப்படி ஒரு மத்தியானம் எனக்குக் கிடைத்திருக்குமா, தெரியாது. கணக்காளர்கள் கோபிக்க வேண்டாம்.

இலக்கிய வகுப்பிலும் நம் ஊர் எனக்கு அடிக்கடி வந்துபோகிறது. 1968 இல் மிஷேல் திரம்பிளே என்ற நாடகக்காரர், மொன்றியலின் கிழக்குப் பக்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பேசும் பிரெஞ்சை அப்படியே மேடையில் ஏற்றினார். இது என்ன மொழி, இதை வெளிநாட்டார் கேட்டால் நம் மானம் என்னாவது என்று படித்தவர்கள் கொதித்தார்கள். 1960களில் நம் பண்டிதர்மார் எழுத்தாளர்களோடு பிடித்த மரபுப் போராட்டம்தான் எனக்கு நினைவு வந்தது. "இழிசனர் வழக்கு" என்று அவர்கள் ஒதுக்கிய பேச்சில்தானே நம் நல்ல கதைகள் பல வந்தன. அதற்கும் முன்னரே பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சில் நாடகம் எழுதியிருக்கிறார் என்று நான் சொன்னபோது ஆசிரியை பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பலகையில் நான் எழுதியபோது இடம் போதவில்லை.

எல்லாம் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு எழுத்து என்னை வாட்டுகிறது. கடைசியில் மாகாணம் முழுவதற்கும் பொதுவான ஒரு பரீட்சை உண்டு. நாலரை மணி நேரம் இருந்து 900 சொல்லில் ஓர் இலக்கியக் கட்டுரை எழுத வேண்டும், எழுத்துப்பிழைக்குத் தனியாகப் புள்ளி போகும். என் கட்டுரைகள் இப்போதைக்குச் சிவப்பு மையில் குளித்துத்தான் வருகின்றன. ஸ்பானியம் அப்படியில்லை. அதன் வினைச்சொல்லின் நுனியிலேயே வந்தது யார் என்பது இருக்கிறது, தமிழைப் போல. பிரெஞ்சுப் பிள்ளைகள் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் "நான்", "நீ" என்று தேவையில்லாமல் சேர்க்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. வல்லின றகரத்தை உருட்டுவதிலும் நான்தான் வகுப்பில் முதல். சிறு வெற்றி, இருந்தாலும் வெற்றி.

காசு பற்றிக் கவலை வேண்டாம். இவர் இரவு வேலை செய்கிறார். நான் சனி, ஞாயிறு ஒரு வெதுப்பகத்தில் நிற்கிறேன். அரசாங்கத்தின் கல்விக் கடனும் அதோடு திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவிப் பணமும் கிடைக்கின்றன. இந்தப் பட்டயத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் மொழிபெயர்ப்புப் படிக்க எண்ணம். வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஞாயிறு பின்னேரம் எங்கள் சமையலறைக்கு வந்து பாருங்கள். கட்டிடத்தில் உள்ள தமிழ்ச் சனம் வரிக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று கடித உறைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் அந்த ஆச்சியோடு வைத்தியரிடம் போனேன். நெஞ்சில் "கொழுவிப் பிடிக்கிறது" என்று ஆச்சி சொன்னதை வைத்தியருக்குச் சொல்லி, வைத்தியர் கேட்ட கேள்விகளை ஆச்சியின் தமிழில் திருப்பிக் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம். திரும்பும் வழியில் ஆச்சி, "நீ டொக்டருக்குப் படிக்கிறாயா, பிள்ளை?" என்றார். இல்லை, பாஷை படிக்கிறேன் என்றேன். "அதுதானே வேணும்" என்றார். ஆச்சியின் சாட்சியம் உங்களுக்குப் போதாது என்று தெரியும். குடியேற்ற விசாரணைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தமிழ் உரைபெயர்ப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அம்மா, தைப்பொங்கலுக்கு முருகன் கோயிலுக்குப் போனோம். வெளியே கண் திறக்க முடியாத குளிர், உள்ளே வேட்டியும் சேலையும். நீங்கள் தந்துவிட்ட பச்சைச் சேலையைத்தான் கட்டினேன், அதன்மேல் இவருடைய பெரிய குளிர்ச்சட்டை. படம் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஓர் உதவி. இந்தத் தவணையில் மொழியியல் பாடத்துக்கு ஓர் இலக்கணத்தை எடுத்து விளக்க வேண்டும். நான் நன்னூலில் வினைமுற்று விகுதிகளை எடுக்கலாம் என்று இருக்கிறேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் அப்பப்பாவின் நன்னூல் காண்டிகையுரை இருக்கும், ஆறுமுக நாவலர் எழுதியது, முன்னட்டை இல்லாதது. கறையான் தொடாமல் இருந்தால், அடுத்த மாதம் மாமாவின் மகன் வரும்போது கொடுத்துவிடுங்கள். பொலித்தீனில் சுற்றிக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டால் மாமி கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் அதற்குள் போய்விடும். தபாலில் அனுப்ப வேண்டாம். ஓரங்களில் அப்பப்பா பென்சிலால் எழுதிய குறிப்புகளை அழித்துச் சுத்தமாக்கிவிடாதீர்கள். எனக்கு அவையும் வேண்டும்.

அன்பு மகள்.