இணைய இணைப்பு: விளம்பர வேகம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபைபர் (கண்ணாடி இழை) வந்துவிட்ட தெருவில், டெலிபோன் லைனில் வரும் டிஎஸ்எல்லா டிவி கேபிளில் வரும் நெட்டா என்று யோசிக்கவே வேண்டாம், ஃபைபரே வாங்கலாம். வராத இடங்களில் விளம்பர வேகத்தைப் பார்த்து முடிவெடுத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

டிஎஸ்எல்லுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஏடிஎஸ்எல்2+ என்ற டிஎஸ்எல் வகையின் உச்ச வேகமான 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), எக்ஸ்சேஞ்சை ஒட்டியிருப்பவர்களுக்கு மட்டுமே. 3 கிலோமீட்டரில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்ல லைன். கம்பி தெருத்தெருவாகச் சுற்றி வருவதால் மேப்பில் தெரியும் தூரத்தை நம்ப முடியாது. மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் லைன் அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் இழக்கும் அளவு) 50 டெசிபலைத் தாண்டியிருந்தால் பெரிய பிளானுக்குக் கட்டும் பணம் வீண். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் பலம்) 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் விட்டுவிட்டு வரும். போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் அதே லைனில் மாட்டிய இரண்டாவது போன், மழைநீர் இறங்கிய ஜாயின்ட், பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். போனில் கரகரவென்று சத்தம் கேட்டால் பழுது பெரும்பாலும் கம்பியில்; மோடத்தை மாற்றிப் பயனில்லை.

இந்த டிஎஸ்எல்லில் அப்லோடு, அதாவது நாம் அனுப்பும் வேகம், 1 எம்பிபிஎஸ் அளவில்தான். வீடியோ கால் திணறுவது இதனால்தான். தங்கள் இதழில் இணையத் திட்டங்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது அப்லோடுக்கும் தாங்கள் ஒரு கட்டம் ஒதுக்கலாமே!

கேபிளில் தூரம் பெரிய பிரச்சினை இல்லை, அக்கம்பக்கத்து வீடுகள்தான் பிரச்சினை. டிவி கேபிளில் நெட் அனுப்பும் டாக்சிஸ் 3.0 முறையில் ஒரு சேனலுக்கு 40 முதல் 50 எம்பிபிஎஸ். அதைப் பகுதியில் உள்ள எல்லா வீடுகளும் பங்கு போடுகின்றன. காலையில் பறக்கும் இணைப்பு இரவு 9 மணிக்குத் தவழும். வீட்டுக்குள் டிவிக்காக கேபிளை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தால் 7 டெசிபல் சிக்னல் அங்கேயே போய்விடும். வயர் நுழையும் இடத்தில் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒரு வழியை நேரே மோடத்துக்குக் கொடுங்கள்.

கேபிள்காரர் தருவதெல்லாம் இந்த டாக்சிஸ் வகை அல்ல. சில தெருக்களில் வீட்டுக்கு வருவது வெறும் லேன் வயர் (கம்ப்யூட்டரில் செருகும் நெட்வொர்க் வயர்). மாடியிலோ கம்பத்திலோ இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு (பல வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துத் தரும் பெட்டி) கரண்ட் போனால், உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் வராது.

விலையைக் கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி, மோடம் டெபாசிட், டேட்டா வரம்பு தாண்டியபின் என்ன வேகம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரு மாதத்துக்குக் கட்டி, வைஃபையில் அல்லாமல் லேன் வயர் செருகி இரவு 9 மணி வேகத்தைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் டெக்னீஷியன்,
மதுரை