துணி இட்லிக்கு ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வயிற்றுக் கட்டி ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று இரவு, வயிற்றிலிருந்து நீர் வடிக்கும் குழாயும் பையும் இல்லாமல் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினார். இத்தனை நாளும் மல்லாக்கவே கிடந்தவர். நான்தான் தூங்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் அந்தப் பையில் வந்த நீர் வெள்ளையாக மாறியதும் யார் யாருக்கு அழுதுகொண்டே போன் செய்தேன் என்பது எனக்கே நினைவில்லை. "குடிச்ச பாலு அப்படியே வருதேடி" என்றார் அம்மா. எனக்குச் சீழோ என்று பயம், குடலைத் தைத்த இடம் விட்டுவிட்டதோ என்று அதைவிடப் பயம். இரண்டும் இல்லை, கைல் கசிவு, அதாவது கொழுப்பு கலந்த நிணநீர் ஒழுகுவது என்று டாக்டர் ஒரு சீட்டில் படம் வரைந்து காட்டினார். நாம் சாப்பிடும் எண்ணெய், நெய்யையெல்லாம் குடலிலிருந்து நிணநீர்க் குழாய்கள் வாங்கிக்கொண்டுபோய்க் கழுத்துப் பக்கம் ரத்தத்தில் சேர்க்கின்றனவாம். கட்டியோடு நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கும்போது அதில் ஒரு குழாய் திறந்தபடி நின்றுவிடுவது உண்டு, அபூர்வம்தான். பையில் வரும் நீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமைத் தாண்டினாலே இதுதான் என்று எடுத்துக்கொள்வார்களாம். அம்மாவுக்கு 640. வாயால் போகும் கொழுப்பை நிறுத்திவிட்டால் ஒழுக்கு குறைந்து பெரும்பாலும் தானே அடைபட்டுவிடும் என்றார்.

நிறுத்து என்று சொல்வது சுலபம். மதுரையில் லாட்ஜ் அறையில் ஒரு கெட்டிலோடு தங்கியிருந்தவள் நான். கேன்டீன் இட்லியின் அடிப்பக்கம் எண்ணெய் மினுங்கியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு சின்ன மெஸ்ஸில் போய், எண்ணெய் இல்லாமல் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

அந்த அக்கா திருப்பி ஒரே கேள்விதான் கேட்டார். "கம்மியா இருக்கலாமா, ஒரு சொட்டும் கூடாதா?"

ஒரு சொட்டும் கூடாது என்றேன்.

"அப்ப தட்டுல ஊத்த முடியாது. துணியில ஊத்திருவோம்."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு வார்டு வாசலில் நின்றார். ஈரத்துணியில் வெந்த நான்கு இட்லி, நெசவின் வரி முதுகில் பதிந்திருந்தது. தணலில் சுட்ட தக்காளியைப் பிசைந்து உப்புப் போட்ட துவையல், தாளிக்காதது. மதியம் குழைந்த சோறு, ரசம், மஞ்சள் கரு எடுத்த முட்டை. ரசம் வைக்கப் புதுச் சட்டி வாங்கியிருந்தார். "பழசுல எண்ணெய் ஊறியிருக்கும்மா" என்றார். பதினோரு நாள். காசு மட்டும் கடையில் எழுதிப் போட்டிருக்கும் விலைதான்.

அம்மாவுக்குத் துணி இட்லி தன் ஆத்தா வீட்டு ஞாபகம். அதனால்தான் நாக்கு செத்துப்போன அந்த நாட்களிலும் சாப்பிட்டார் என்று நினைக்கிறேன். டாக்டர் எழுதித் தந்த எம்.சி.டி. எண்ணெய், நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு மட்டும் உள்ளது, நிணநீர் வழியாகப் போகாமல் ரத்தத்திலேயே நேராக ஈரலுக்குப் போய்விடுமாம், தேங்காயிலிருந்தும் எடுப்பார்களாம். "அப்ப தேங்காச் சட்னி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா சண்டைக்கே போனார். தேங்காயில் மற்ற கொழுப்பும் சேர்ந்தே இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

எல்லோரும் எனக்கு "சரியாயிரும்" என்று சொன்னீர்கள், அதுவும் வேண்டியிருந்தது. அக்கா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு எத்தனை மில்லி?" என்பார். 420, 250, 90. வெள்ளை போய் நீர் மஞ்சளாகத் தெளிந்த அன்று நான் முதலில் ஓடிச் சொன்னது அவரிடம்தான்.

டாக்டருக்கும், ராத்திரியில் டார்ச் அடித்து அளவு பார்த்த நர்ஸ் தங்கைகளுக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், சென்னையில் அலைந்து அந்த எண்ணெயை வாங்கி அனுப்பிய சித்தப்பாவுக்கும், எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. போனில் எரிந்து விழுந்ததற்கு மன்னியுங்கள், மதினி.

அக்கா தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார். கடைசி நாள் தூக்குவாளி எங்களோடு வந்துவிட்டது. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, தானே அதிரசம் சுட்டு நிரப்பித்தான் கொடுப்பேன் என்கிறார் அம்மா. அடுப்பு முன்னால் நிற்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அதுவரை வாளி எங்கள் வீட்டில் இருக்கட்டும், அக்கா.