கடைசல் உளி தந்த பெரியவருக்கு நன்றி

டொராண்டோவில், போர்ச்சுக்கலிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் நடத்தும் மரக் கடைசல் பட்டறைக்குப் பழைய உளிகள் வாங்கச் சென்ற என்னிடம், எதற்காக வாங்குகிறீர்கள் என்று முதலில் கேட்ட அந்தப் பெரியவருக்கு இப்பதிவின் வழியே நன்றி கூறுகிறேன். கிண்ணம் கடைய வேண்டும் என்றதும், நான் கையில் எடுத்திருந்த அகன்ற குழியுளியை வாங்கி வைத்துவிட்டார். நீளவாக்கில் பொருத்திய கட்டையை உருளையாகக் கடைவதற்கான அந்த உளியின் கைப்பிடிக்குள் செல்லும் வால் மெல்லியது என்பதால், கிண்ணத்தில் குறுக்காக ஓடும் மர இழையில் மாட்டினால் முறிந்து தெறிக்கக்கூடும் என்று விளக்கினார். விலை கூடிய பொருளை விற்காமல் தடுத்த கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை.

உருண்டைத் தண்டாலான கிண்ண உளி ஒன்றைச் சாணை பிடித்துக் கொடுத்ததோடு, ஈரம் உலராத பச்சை மேப்பிள் கட்டை ஒன்றையும் இலவசமாகத் தந்தார். 10 அங்குலக் கிண்ணத்தை முதலில் 1 அங்குலத் தடிப்பில் கடைந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, மாதக்கணக்கில் உலரவிட்ட பிறகே மெல்லியதாக்கச் சொன்னார். அவசரக்காரனான எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. கிண்ணம் வெடிக்கவில்லை, ஐயா. சற்றே கோணியிருக்கிறது, அவ்வளவுதான்.